மூன்றாவது கேசட்

(1975ஆம் ஆண்டு மின்னணுவியல் பிரிவு மாணவர்களின் பொன்விழாச் சந்திப்பில், துறைக் கருத்தரங்கக் கூடத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் என்னைக் கூப்பிட்டபோது, "சார், ஏதாவது டெக்னிக்கலா பேசுங்க, ஆனா ரொம்ப டெக்னிக்கலா வேண்டாம்" என்றார். சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு என்னுடையது. சாம்பார் வாசனை இப்பவே இங்கே வந்தாச்சு. அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்பான ஒரு ராக் கச்சேரி. அதை டேப் செய்த மூன்று பழைய கேசட்டுகள். அவற்றை நான் சரி செய்த கதை. ராக் சங்கீதம் ஆகாதவர்கள் பயப்பட வேண்டாம். எதையும் போட்டுக் காட்டப் போவதில்லை.

எங்கள் பேட்சில் ஒருத்தனுக்கு 'வால்வு' என்று பேர். ஹாஸ்டல் மெஸ்ஸில் இருந்த வால்வு ரேடியோ செத்துப்போன போதெல்லாம் அவன்தான் உயிர் கொடுப்பான். சொந்தப் பேரைச் சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் தலையாட்டுகிறவர்களுக்குத் தெரியும். 1977இல் அவனும் நானும் எம்.எஸ். படிக்க அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்துக்குப் போனோம். ஒரே அபார்ட்மெண்ட், ஒரே குக்கர், ஒரே குளிர் கோட்டு. யார் வெளியே போகிறார்களோ அவர்களுக்குக் கோட்டு.

கிளீவ்லண்ட் என்றால் இரும்பு உருக்காலைதான் ஞாபகம் வரும். ஆனால் அந்த ஊருக்கு ராக் இசையில் பெரிய பங்கு உண்டு. 1952 மார்ச் 21ஆம் தேதி ஆலன் ஃப்ரீட் என்ற ரேடியோ அறிவிப்பாளர் அங்கே ஏற்பாடு செய்த நிகழ்ச்சியைத்தான் உலகத்தின் முதல் ராக் கச்சேரி என்று பலரும் சொல்வார்கள். கூட்டம் தாங்காமல் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம் 1995இல் அதே ஊரில் திறக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாங்கள் இருந்த காலத்தில் அந்த ஊர் இளைஞர்களுக்கு டபிள்யூ.எம்.எம்.எஸ். என்ற எஃப்.எம். நிலையம்தான் எல்லாம். 100.7 மெகாஹெர்ட்ஸ். 1978 ஆகஸ்ட் 9, புதன்கிழமை, அதன் பத்தாம் ஆண்டு விழாவுக்காக புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் அவருடைய ஈ ஸ்ட்ரீட் பேண்டும் அகோரா என்ற அரங்கில் பாடினார்கள். சுமார் ஆயிரம் பேர் கொள்ளும் இடம். அன்றைக்கு அவர் இருந்த நிலைக்கு அது ரொம்பச் சின்னது. 'டார்க்னஸ் ஆன் தி எட்ஜ் ஆஃப் டவுன்' என்ற ஆல்பம் அந்த ஜூன் மாதம்தான் வந்திருந்தது. கச்சேரி முழுவதும், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், நேரடி ஒலிபரப்பு. பக்கத்து ஊர் நிலையங்கள் சிலவும் சேர்ந்து ஒலிபரப்பின. டிக்கெட் கிடைக்காத எங்களைப் போன்றவர்களுக்கெல்லாம் அன்றைக்கு ரேடியோதான் அரங்கம்.

வால்வு மூன்று சி-90 கேசட் வாங்கி வந்தான். அந்த வாரம் முட்டை வாங்கவில்லை. ரிசீவரும் கேசட் டெக்கும் யாரோ வீட்டு வாசலில் பழைய சாமானாக விற்றவை. இரண்டையும் இணைக்கும் வயரை சால்டர் வைத்தது நான். எர்த் சரியாகக் கொடுக்காததால் மெல்லிசாக ஒரு 'ம்ம்ம்' என்ற உறுமல் விழுந்துகொண்டே இருந்தது. அவன், "உன் சால்டரிங்குக்கு நம்ம லேப் அட்டெண்டரே தேவலாம்டா" என்றான். சரி செய்ய நேரமில்லை, நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது. கேசட் தானாக முடியட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. கையில் வாட்சைப் பிடித்துக்கொண்டு, பாட்டு முடிந்து கைதட்டல் வரும் இடமாகப் பார்த்துப் பக்கம் மாற்றினான். பாட்டு எதுவும் வெட்டுப்படக்கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதை. கடைசி அரைமணி மூன்றாவது கேசட்டில் விழுந்தது. லேபிளில் குண்டு குண்டான எழுத்தில் 1/3, 2/3, 3/3 என்று எழுதினான்.

அந்த அக்டோபரில் ஒருத்தர் மறுநாள் காலை மெட்ராஸ் கிளம்புகிறார், ஏதாவது கொடுத்தனுப்பலாம் என்று தகவல் வந்தது. தீபாவளி நேரம். அந்தக் காலத்தில் ஊருக்கு டெலிபோன் போடுவது சொத்தை எழுதி வைப்பது மாதிரி. வெளிநாட்டில் இருந்த நம்மவர்கள் கேசட்டில் பேசி அனுப்புவது வழக்கம். எங்கள் வீட்டில் சிங்கப்பூர் மாமா கொடுத்த டூ-இன்-ஒன் ஒன்று இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் காலி கேசட்டுக்கு எங்கே போவது? அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்து, மைக்கைச் சொருகி, அம்மாவுக்குப் பேசி அனுப்பிவிட்டேன். அது 3/3. ஒரு வாரம் கழித்து அவன் தேடும்போதுதான் தெரிந்தது.

கைதவறி நடந்தது. அப்படித்தான் முப்பத்தைந்து வருஷம் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. பேச்சைக் குறைத்துக்கொண்டான். டிசம்பரில் வேறு அறைக்குப் போய்விட்டான். அப்புறம் ஆளுக்கொரு ஊரில் வேலை, கல்யாணம், புது வருஷத்துக்கு ஒரு கார்டு, அவ்வளவுதான். 2012இல் போய்ச் சேர்ந்தான். செய்தி எனக்கு இ-மெயிலில் வந்தது.

அம்மாவின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேசட் கிடைத்ததும் ஊரிலிருந்து இன்லண்ட் மாதிரி நீல ஏர்மெயில் கடிதம் வந்தது: "உன் பேச்சு முடிஞ்சதும் ஏதோ பெருங்கூட்டம் கூச்சல் போடுது. அங்கே கலாட்டாவா? பத்திரமா இரு." என் பேச்சு 22 நிமிஷம். அது முடிந்த இடத்தில், அழியாமல் மிச்சமிருந்த கச்சேரி தொடர்ந்திருக்கிறது. கிளீவ்லண்ட் ரசிகர்கள் அம்மாவைப் பயமுறுத்திவிட்டார்கள். ஆனாலும் அந்தக் கேசட்டை ஒரு பட்டுத்துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அவர் காலமான பிறகு அது என்னிடம் வந்தது. அலமாரியில் போட்டேன். கேட்கவில்லை.

2013இல் வால்வின் மகளிடமிருந்து ஒரு பார்சல். அப்பாவின் சாமான்களில் இரண்டு கேசட் இருந்ததாம். அவர் யாரையும் தொட விடமாட்டாராம். போட்டுப் பார்த்தால் ஒன்று சுற்றவே இல்லை, இன்னொன்று மொணமொண என்று கேட்கிறது. "அங்கிள், உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்னு அப்பா சொல்வார். சரி பண்ணித் தர முடியுமா? மூணாவது எங்கே?"

இனி கொஞ்சம் டெக்னிக்கல். மாணவர்கள் விழித்துக்கொள்ளலாம்.

கேசட் டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் ஸ்டீரியோ இரண்டு பக்கம், ஆக நான்கு தடங்கள். ஓடும் வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். இவ்வளவு குறுகலான இடத்தில் இவ்வளவு மெதுவாக எழுதினால் எல்லாத் தப்பும் காதுக்குத் தெரியும். முதல் கேசட் சுற்றாததற்குக் காரணம் சாதாரணம்: டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்ன ஃபெல்ட் துண்டு பசை காய்ந்து விழுந்து, உள்ளே சிக்கியிருந்தது. ஸ்க்ரூ போட்ட புதுக் கூட்டுக்கு டேப்பை மாற்றினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம்.

மொணமொணவுக்குக் காரணம் அஸிமத். ரெக்கார்டு செய்த டெக்கின் ஹெட் எந்தக் கோணத்தில் நின்றதோ அதே கோணத்தில் போடும் டெக்கின் ஹெட்டும் நிற்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள்தான். அந்தப் பழைய டெக் இப்போது யாரிடம் இருக்கும்? இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே, ஹெட் ஸ்க்ரூவை அரைக்கால் திருப்பு திருப்பினால் திடீரென்று போர்வை விலகினது மாதிரி ஒலி தெளியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். டால்பி போட்டுப் பதிந்த கேசட் என்றால் இதைச் சரியாக வைக்காமல் டால்பியைத் திறக்கவே கூடாது. கெட்டதை இன்னும் கெடுக்கும். இந்த வேலையில் முக்கால்வாசி இந்த ஸ்க்ரூதான். கம்ப்யூட்டருக்குள் போன பிறகு செய்வதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலை என்பது என் அபிப்பிராயம்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினேன். முதல் காரியமாக என்ன செய்தேன்? என் சால்டரிங் உறுமலை எடுத்தேன். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் ஒரு நாட்ச் ஃபில்டர். முப்பத்தைந்து வருஷ அவமானம் முப்பது வினாடியில் ஒழிந்தது. ரொம்ப சந்தோஷம்.

அடுத்த வாரம் மாட்டிக்கொண்டேன். சுருதி நிற்கவில்லை. பக்கத்தின் ஆரம்பத்தில் பியானோ ஒரு சுருதி, முடிவில் இன்னொரு சுருதி. அன்றைக்கு அந்த டெக்கின் ரப்பர் பெல்ட் ஓட ஓட வேகம் மாறியிருக்கிறது. எவ்வளவு மாறியது, எந்த நிமிஷத்தில் மாறியது என்று எதை வைத்து அளப்பது? ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது இந்தக் கட்டடத்தின் மாடியில் இருந்த மெஷர்மெண்ட்ஸ் லேப் ஞாபகம் வந்தது. ஆஸிலேட்டர் டயல் சரியா என்று பார்க்க என்ன செய்வோம்? மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸை ஆஸிலோஸ்கோப்பின் ஒரு பக்கம் கொடுத்து லிசாஜூ உருவம் வரைவோம். மெயின்ஸ்தான் நமக்கு அளவுகோல்.

நான் துடைத்து எறிந்த உறுமல்தான் அளவுகோல்!

ஃபில்டர் செய்யாத மூலக் கோப்பை நல்லவேளை அழிக்கவில்லை. அதைத் திறந்து உறுமலின் அலைவெண்ணைப் பார்த்தேன். 60 இருக்க வேண்டிய இடத்தில், பக்கத்தின் ஆரம்பத்தில் 60.9, முடிவில் 60.3. அதாவது பதிவு செய்யும்போது டெக் மெதுவாக ஓடியிருக்கிறது, அதனால் இப்போது வேகமாகக் கேட்கிறது. ஒன்றரை சதவீதம். கேட்கச் சின்னதாகத் தெரியும். பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளியே சுமார் 6 சதவீதம்தான், கால் ஸ்தானம் ஏறிவிட்டது என்று அர்த்தம். பாஸ் கிட்டார் வாசிக்கும்போது உறுமல் அதில் மூழ்கிவிடும். கைதட்டல், பேச்சு வரும் இடங்களில்தான் தெரியும். நல்லகாலம், ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டுக்கு நடுவில் கதாகாலட்சேபம் மாதிரி நீளமாகக் கதை சொல்வார். அந்த இடங்களிலெல்லாம் ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்து, வளைவு வரைந்து, அதன்படி வேகத்தைத் திருத்தினேன். எல்லாம் முடிந்த பிறகுதான் உறுமலை எடுத்தேன். வரிசை முக்கியம்.

பெரிய ஸ்டூடியோக்களில் இதையே இன்னும் நுட்பமாகச் செய்கிறார்கள். டேப்பில் பதிவின்போது சேர்க்கும் பயாஸ் அலையின் மிச்சம், காதுக்குக் கேட்காத உயரத்தில், டேப்பிலேயே தங்கியிருக்கும். அதைப் பிடித்து வேக ஏற்ற இறக்கத்தைத் திருத்தும் முறைக்கு பிளாஞ்சென்ட் என்று பேர். ஸ்பிரிங்ஸ்டீனின் முதல் ஏழு ஆல்பங்களை 2014இல் புதுப்பித்தபோது அதைத்தான் பயன்படுத்தினார்கள். என் சால்டரிங் அதற்கு ஏழை வீட்டுத் தம்பி.

அப்புறம் இரைச்சல். முதல் கேசட்டின் ஆரம்பத்தில் ஒரு நாற்பது வினாடி வால்வின் குரல் இருக்கிறது. மைக் சொருகி டெக்கைச் சோதித்திருக்கிறான். "டெஸ்டிங், டெஸ்டிங்... டேய், முள்ளு ஆடுதா பாரு. ஆடுதா?" 24 வயசுக் குரல். பின்னால் மழை மாதிரி டேப் இரைச்சல். இதை நன்றாக்கிக் கொடுத்தால் அந்தப் பெண் சந்தோஷப்படும் என்று, இரைச்சலின் மாதிரியைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, அதை மொத்தமாகக் கழிக்கச் சொன்னேன். சுத்தமாக வந்தது. அனுப்பினேன். "அங்கிள், இது அப்பா தண்ணிக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு" என்றாள். திரும்பக் கேட்டேன். ச, ஸ எல்லாம் போயிருந்தது, மூச்சும் போயிருந்தது. மனிதக் குரலில் பாதி இரைச்சல்தான், கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்று. இரைச்சலோடு இருந்ததையே அனுப்பினேன். அதைத்தான் வைத்துக்கொண்டாள்.

இந்த வேலை பாதியில் இருக்கும்போது, 2014 டிசம்பரில், அந்தக் கச்சேரி முழுவதையும் ஸ்பிரிங்ஸ்டீன் தரப்பே அதிகாரபூர்வமாக வெளியிட்டுவிட்டது. நான் ஒன்றரை வருஷம் போராடி எட்டாத தெளிவு! அகோரா அரங்கம் 1984இல் தீப்பிடித்து மூடப்பட்டுவிட்டது. ஆனால் அந்த ராத்திரி இதோ முழுசாக இருக்கிறது. நான் அழித்த 22 நிமிஷமும் அதில் இருந்தது. 'பார்ன் டு ரன்' கூட அதற்குள்தான். உட்கார்ந்து கேட்டேன். வால்வு போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு எழுதினேன்: இனி கேசட் வேலை தேவையில்லை அம்மா, நல்ல பதிப்பு வந்துவிட்டது, வாங்கி அனுப்புகிறேன். பதில் வந்தது: "அது அப்பா பண்ணினது இல்லையே அங்கிள்."

வீட்டு டேப்புகளைக் குறைத்துச் சொல்ல நான் யார்? லெட் செப்பலின் குழு 1969இல் பி.பி.சி.யில் பாடிய ஒரு நிகழ்ச்சியின் டேப் நிலையத்திலேயே இல்லாமல் போய்விட்டது. 2016இல் அது ஆல்பத்தில் வந்தது எப்படி? எவரோ ஒரு நேயர் ரேடியோவிலிருந்து பதிந்து வைத்திருந்ததால். கரகரப்போடுதான் வந்தது. அதில் ஒரு பாட்டுக்கு வேறு பிரதியே கிடையாது.

ஆக, மூன்றாவது கேசட்டையும் எடுக்க வேண்டி வந்தது. பட்டுத்துணியைப் பிரித்தேன். அம்மா வீட்டுக் கற்பூர வாசனை இன்னும் இருந்தது. டெக்கில் போட்டேன். அழிந்த இடத்தில் பழைய கச்சேரியின் நிழலாவது இருக்குமா என்று நப்பாசை. இருக்காது, அழிக்கும் ஹெட் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. என் குரல் மட்டும். சாப்பாடு, குளிர், பரீட்சை, தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சா. பதினாறாவது நிமிஷம் ஒரு கதவுச் சத்தம். தூரத்தில் ஒரு குரல், தூக்கக் கலக்கத்தில். சரியாகக் கேட்கவில்லை. ஹெட்ஃபோன் போட்டு, அந்த இடத்தை மட்டும் உயர்த்திக் கேட்டேன்.

"என்னடா பண்றே? எந்தக் கேசட்டுடா அது?"

என் குரல், மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு: "காலிக் கேசட்தாண்டா. நீ போய்த் தூங்கு."

லேபிள் என் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கிறது. 3/3 என்று குண்டு எழுத்தில்.

அந்த எட்டு வினாடியை வெட்டுவது ரொம்பச் சுலபம். என்னுடைய கேசட், என் அம்மாவுக்குப் பேசின பேச்சு. யாரும் கேள்வி கேட்க முடியாது. பின்னணிக் குரல் என்று இரைச்சலோடு சேர்த்துக் கழித்துவிட்டாலும் தெரியாது. மவுசை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்காரி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன, சத்தமே வரலையே" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வெட்டவில்லை. மூன்றும் சேர்த்து அனுப்பினேன். அழிந்த இடத்தில் புதுப் பதிப்பை ஒட்டவில்லை. என் பேச்சையே விட்டேன், அது முடிந்ததும் வரும் ரசிகர் கூச்சலோடு. பத்து நாள் பதில் இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி போன் வந்தது.

"அங்கிள், மூணாவதுல காலிக் கேசட்னு சொல்றது யாரு?"

"நான்தாம்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எங்கப்பா குரல் அதுலயும் இருக்கு, நல்லவேளை" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு அறிவிப்பு மட்டும். வால்வு ரிப்பேர் செய்த அதே மாதிரி ஒரு டெக்கை நம் துறைக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன், மாடி லேபில் இருக்கிறது. இரண்டாம் வருஷ மாணவர்கள் நான்கு பேருக்கு ஹெட் ஸ்க்ரூ திருப்பக் கற்றுக்கொடுத்தாயிற்று. வீட்டில் பழைய கேசட் வைத்திருப்பவர்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கொண்டு வரலாம். தயவுசெய்து வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வராதீர்கள், லேபிளைக் கிழிக்காதீர்கள், சுத்தம் செய்கிறேன் என்று துணியால் துடைக்காதீர்கள். டேப் தொங்கிக்கொண்டிருந்தால் அப்படியே எடுத்து வாருங்கள். சுற்றுவதற்குப் பென்சில் நான் வைத்திருக்கிறேன்.